மூன் கேக்டஸ் வாங்கலாமா? மூன்று ஒட்டுக்கள்ளிகளை வீட்டில் வளர்த்துப் பார்த்த பிறகு எழுதுவது

சிவப்பாகவோ மஞ்சளாகவோ உருண்டையாக ஒரு தலை, அதற்குக் கீழே முக்கோணமாக ஒரு பச்சைத் தண்டு, கைக்கு அடக்கமாக ஒரு தொட்டி. எந்த நர்சரிக்குப் போனாலும் கல்லாப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மூன் கேக்டஸைப் பற்றித்தான் எழுதுகிறேன். கூடவே நான் வாங்கிய இன்னும் இரண்டு ஒட்டுச் செடிகளைப் பற்றியும். வீடு சென்னையில், கிழக்குப் பார்த்த ஒரு பால்கனியும் மேற்குப் பார்த்த ஒரு ஜன்னலும் உள்ள அடுக்குமாடி. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் சில விஷயங்கள் மாறும், அதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். செடி நல்ல செடி, விற்கிற விதம்தான் சரியில்லை. கடையில் நமக்குக் காட்டுவது மேலே இருக்கிற நிறத்தை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து நாம் காப்பாற்ற வேண்டியது கீழே இருக்கிற தண்டை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் "கேக்டஸ் கூட என் கையில் நிற்கவில்லை" என்று மனம் விட்டுப்போனவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை.

விஷயம் என்னவென்றால், மேலே இருப்பது ஜிம்னோகாலிசியம் மிஹானோவிச்சி என்கிற தென் அமெரிக்கக் கள்ளி. பராகுவே பக்கத்துச் செடி, அங்கே அது பச்சையும் பழுப்புமாகத்தான் இருக்கும். அதன் நாற்றுகளில் எப்போதாவது ஒன்று பச்சையமே இல்லாமல் முளைத்துவிடும். பச்சையம் இல்லாவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் மஞ்சளும் வெளியே தெரியும் (பீட்ரூட்டுக்கு நிறம் கொடுக்கிற அதே வகைச் சாயம்தான்), ஆனால் தனக்கான உணவைத் தானே தயாரிக்க முடியாது, சில நாட்களில் செத்துப்போகும். 1941-இல் ஜப்பானில் வாதனாபே எய்ஜி என்ற நர்சரிக்காரர், தன் நாற்றுகளுக்கு நடுவில் இப்படிச் சிவப்பாக முளைத்தவற்றைப் பிடுங்கிப் போடாமல் வேறொரு பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கிற மூன் கேக்டஸ் அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது தென் கொரியாவில் இதைப் பெரிய அளவில் வளர்த்து நெதர்லாந்து, அமெரிக்கா என்று ஏற்றுமதியே செய்கிறார்கள்.

கீழே இருக்கும் முக்கோணத் தண்டு என்ன தெரியுமா? டிராகன் பழச் செடி. நம் ஊர்ப் பழக்கடையில் வெட்டி வைத்திருப்பார்களே, அதே கொடிதான். சீக்கிரம் வேர் பிடிக்கும், மலிவு, ஒட்டு சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் வியாபாரிகளுக்கு அது வசதி. வேரும் அதுதான், பச்சையமும் அதுதான், மேலே இருக்கிற தலைக்குச் சோறு போடுவதும் அதுதான். இதைப் புரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் செடியை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்து நர்சரி ஒன்றில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். சிவப்புத் தலை. "அண்ணா, இதுக்குத் தண்ணி எப்படி?" என்று கேட்டதற்கு, "மாசம் ஒருக்கா காட்டினாப் போதும்க்கா, வெயில்ல தூக்கி வச்சிடுங்க, அது பாட்டுக்கு வளரும்" என்றார். அவர் நல்ல மனிதர், வேண்டுமென்று தப்பாகச் சொல்லவில்லை. எல்லாக் கேக்டஸுக்கும் சொல்கிற பதிலையே இதற்கும் சொன்னார். ஆனால் இந்தச் செடிக்கு இரண்டுமே பொருந்தாது.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தலையில் பச்சையம் இல்லை, அதனால் சுள்ளென்ற வெயிலைத் தாங்காது, ஓரங்கள் வெளிறி, அப்புறம் பழுப்பாகப் பொசுங்கி, அந்தத் தழும்பு போகவே போகாது. அதற்காக நிழலில் வைத்தால் கீழே இருக்கிற தண்டு பட்டினி கிடக்கும். தலைக்கு வெயில் ஆகாது, தண்டுக்கு வெளிச்சம் இல்லாமல் ஆகாது. இந்த இரண்டுக்கும் ஒத்துவருகிற இடம் நம் ஊர் வீடுகளில் கிழக்கு ஜன்னல் அல்லது கிழக்குப் பால்கனி. காலை ஒன்பது மணி வரைக்குமான வெயில் நேராகப் பட்டாலும் பரவாயில்லை, அதற்கப்புறம் வெளிச்சம் மட்டும் இருந்தால் போதும். மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரைக்குப் பின்னால். அக்னி நட்சத்திர நாட்களில் கிழக்கு ஜன்னலில் இருந்தும் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்துவிடுவேன். ஹாலில் டிவி ஸ்டாண்ட் மேலேயோ, ஆபீஸில் டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையிலோ வைத்தால் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே அது வளராது, இருக்கிற சேமிப்பைத் தின்று மெதுவாகத் தேயும். பெட்டியில் அச்சடித்து வருகிற "காற்றைச் சுத்தப்படுத்தும்" என்பதையும் மறந்துவிடுங்கள். இத்தனூண்டு செடியால் ஒரு அறையின் காற்றில் நமக்குத் தெரிகிற மாதிரி எந்த மாற்றமும் வராது. அழகுக்காக வாங்குங்கள், அந்தக் காரணமே போதும்.

தண்ணீர் விஷயத்தில், டிராகன் பழக் கொடி பாலைவனச் செடி கிடையாது. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி. மற்ற கள்ளிகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் கேட்கும். மாதம் ஒரு தடவை என்பது சென்னைக் கோடையில் ஒரு சின்னத் தொட்டிக்குப் பட்டினிதான். நான் நாள் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை மண்ணில் அடி வரைக்கும் குத்தி எடுத்துப் பார்ப்பேன். மண் ஒட்டாமல் காய்ந்து வந்தால் அடியில் ஓடி வருகிற அளவுக்கு முழுசாக ஊற்றுவேன், தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுவேன். ஈரமாக வந்தால் அன்று தொடுவதில்லை. கோடையில் இது வாரம் ஒரு தடவை மாதிரி வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மூன்று வாரம் கூட ஆகும். அந்த மழை மாதங்களில்தான் இந்தச் செடிகள் அதிகமாகச் சாகின்றன. ஊற்றுகிற தண்ணீரைவிட, காயாத மண்ணும் காற்றில் இருக்கிற ஈரமும்தான் அப்போது அழுக வைக்கும். மழைச் சாரல் படுகிற இடத்தில் கண்டிப்பாக வேண்டாம். முக்கியமாக ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது, ஸ்பிரே பாட்டிலை வைத்துக்கொண்டு தலையில் பீய்ச்சுவதை விட்டுவிடுங்கள்.

செடியே சொல்லும் என்பார்கள், இந்தச் செடி நிஜமாகவே சொல்லும். தண்டின் மூன்று முனைகளும் தட்டையாகி ஒல்லியாகத் தெரிந்தால் தாகம். தண்டின் அடியில், மண்ணை ஒட்டி, மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி மாறி விரலால் தொட்டால் கொழகொழவென்று இருந்தால் அழுகல். அங்கே தண்ணீரை நிறுத்துவது மட்டும் காப்பாற்றாது, அழுகிய இடத்துக்கு மேலே வெட்டியாக வேண்டும். வெட்டின தண்டு உள்ளே சுத்தமான பச்சை வெள்ளையாக இருக்கும் வரை மேலே மேலே சீவிவிட்டு, ஒரு வாரம் நிழலில் காயப்போட்டு, காய்ந்த மண்ணில் நட்டால் மறுபடி வேர் விடும். டிராகன் பழக் கொடிக்கு அந்தக் குணம் உண்டு. தண்டு கொழுகொழுவென்று இருக்கும்போதே தலை மட்டும் சுருங்குகிறதென்றால் ஒட்டு பிரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கடையில் செடியைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. முதலில் நிறத்தைப் பார்க்க மாட்டேன். தொட்டியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, தலையும் தண்டும் சேருகிற கோட்டைச் சுற்றிப் பார்ப்பேன். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பழுப்புக் கோடு ஓடக் கூடாது. பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது மாவுப்பூச்சி, அந்த மடிப்புதான் அதற்குப் பிடித்த இடம், அந்தச் செடியை மட்டுமல்ல, பக்கத்துச் செடியையும் வாங்காதீர்கள். அப்புறம் தலையை மெதுவாக, ரொம்ப மெதுவாக, விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பார்ப்பேன். நல்ல ஒட்டு அசையாது. தண்டு அடர்பச்சையாக, கெட்டியாக, குறைந்தது ஒரு விரல் நீளமாவது இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையான தண்டு மேல் பெரிய தலை வைத்திருப்பதைப் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அத்தனை பெரிய தலைக்கு அவ்வளவு சின்ன தண்டு எத்தனை நாள் சாப்பாடு போடும்?

வீட்டுக்கு வந்ததும் மண்ணை மாற்றுவது நல்லது. நர்சரியில் பெரும்பாலும் முழுக்கத் தென்னை நார்க் கழிவில்தான் வைத்திருக்கிறார்கள். எடை குறைவு என்பதால் ஏற்றிக் கொண்டுவர வசதி. ஆனால் அது மேலே காய்ந்த மாதிரித் தெரியும், நடுவில் ஊறிக் கிடக்கும். நான் போடுவது செம்மண் ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு, பெருமணலும் உடைத்த செங்கல் துண்டும் சேர்த்து இரண்டு பங்கு. பெர்லைட் (தண்ணீர் வடிய மண்ணில் கலக்கிற எடையில்லாத வெள்ளைக் குருணை) கிடைத்தால் அதுவும் நல்லது. ஓட்டை இருக்கிற மண் தொட்டி, செடியைவிடக் கொஞ்சமே பெரிதாக. மாவுப்பூச்சி வந்தால் காதுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுப்பேன், வாரம் ஒரு தடவை என்று மறுபடி மறுபடி பார்த்தால் போய்விடும். தண்டின் முள் மொட்டுகளில் இருந்து பச்சையாகக் கிளை விட ஆரம்பித்தால் பாவம் பார்க்காமல் கிள்ளிவிட வேண்டும். விட்டால் டிராகன் கொடி தன் பாட்டுக்கு வளர்ந்து தலையைப் பட்டினி போட்டுவிடும்.

இவ்வளவு செய்தும் இந்த ஜோடி நிரந்தரம் இல்லை. இதைத்தான் கடைக்காரர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். டிராகன் தண்டு வேகமாக வளர்கிற வகை, மேலே இருப்பது மெதுவாக வளர்கிற வகை, இரண்டும் காலப்போக்கில் ஒத்துப்போகாமல் சில வருடங்களில் ஒட்டு பிரியத் தொடங்கும், அல்லது தண்டே மரம் மாதிரிக் காய்ந்து சோர்ந்துவிடும். அப்போது தலையைத் தனியாக மண்ணில் நட்டால் பிழைக்காது, பச்சையம் இல்லையே. புதுத் தண்டில் மறுபடி ஒட்டுக்கட்டத்தான் வேண்டும்.

அது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை, உண்மையில் இந்தச் செடி கொடுக்கிற பெரிய சந்தோஷமே அதுதான். டிராகன் கொடித் துண்டு இப்போது மொட்டை மாடித் தோட்டக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் சும்மாவே கிடைக்கும். அதை வேர் பிடிக்க வைத்து, உச்சியைப் புது பிளேடால், ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, ஒரே இழுப்பில் தட்டையாக வெட்டினால் நடுவில் லேசாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் தண்ணீரும் உணவும் போகிற குழாய்களின் வளையம். வெட்டின தலையின் அடியிலும் அதேபோல ஒரு வட்டம் இருக்கும். இரண்டு வட்டமும் எங்காவது ஒரு இடத்திலாவது தொட்டுக்கொள்ள வேண்டும், அதற்காகத் தலையைச் சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு. தண்டின் மூன்று முனைகளையும் வெளிப்பக்கமாகச் சரிவாகச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் காயும்போது நடுச் சதை மட்டும் உள்வாங்கி, தோல் விளிம்பு தலையைத் தூக்கிவிடும். வெட்டு காய்வதற்குள் தலையை வைத்து, உள்ளே காற்று நிற்காதபடி லேசாக அழுத்தித் திருகி, ரப்பர் பேண்டைத் தலை மேலிருந்து தொட்டியின் அடிக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நிழலில் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். தலையில் முளைக்கிற குட்டிகளையும் இப்படியே ஒட்டலாம். மழைக்காலத்தில் மட்டும் செய்யாதீர்கள். என் சிவப்புத் தலை இப்போது இரண்டாவது தண்டில் இருக்கிறது, இளஞ்சிவப்பில் சின்னதாகப் பூ கூட விட்டது. முதல் செடிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

இரண்டாவது செடி ஆன்லைனில் வாங்கியது. கடைப் பெயர் வேண்டாம். மஞ்சள் தலை, பீங்கான் கிண்ணம், மேலே வெள்ளைக் கூழாங்கல், தலையின் உச்சியில் ஒரு ஊதாப் பூ, விலை 499 ரூபாய். படத்தில் பார்க்கப் பிரமாதம். வந்தபோது கிண்ணத்தில் ஓட்டை இல்லை, கூழாங்கற்கள் எல்லாம் பசையில் ஒரே பாளமாக இறுகியிருந்தன, ஊற்றினால் தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை, போனது வெளியே வரவும் வழியில்லை. பூ அந்தச் செடியில் பூத்தது இல்லை, காகிதம் மாதிரிக் காய்ந்த வேறொரு பூவைச் சூடான பசையில் செடியின் வளர்முனையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது, அந்தக் காயம் வழியாகவே தலை அழுகிப்போனது. புகார் எழுதினேன், "அலங்காரத்துக்காகச் செய்வது" என்று பதில் வந்தது. உயிருள்ள செடியைப் பொம்மை மாதிரி விற்பது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற விஷயம். ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் உயிரோடு மிஞ்சின தண்டுக்காக. பூவோடு படம் போட்டிருந்தால் உற்றுப் பாருங்கள், நிஜப் பூவுக்கு அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ குழல் மாதிரிக் காம்பு இருக்கும், ஒட்டின பூ நேராகத் தோல் மேல் உட்கார்ந்திருக்கும்.

ஆன்லைனில் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. மேற்கு வங்கத்துக் காலிம்போங் மலைப்பகுதி நர்சரிகள் கள்ளி வளர்ப்புக்குப் பல காலமாகப் பேர்போனவை, அங்கிருந்து செய்தித்தாளில் சுற்றி மண் இல்லாமல் வேரோடு அனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி மண் இல்லாமல் வருவதுதான் உண்மையில் நல்லது, வேரைக் கண்ணால் பார்த்துவிடலாம். வந்ததும் காய்ந்த மண்ணில் நட்டு, சில நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஏப்ரல், மே மாதத்தில் மட்டும் ஆர்டர் போடாதீர்கள், லாரி வெக்கையில் வெந்துவிடும்.

மூன்றாவது, கோரல் கேக்டஸ் என்று எழுதி வைத்திருந்தார்கள், 350 ரூபாய். கடலடிப் பவளம் மாதிரி விசிறி விசிறியாக மடிந்த தலை, ஓரமெல்லாம் ரோஸ் நிறம். அழகில் மூன்றில் இதுதான் முதல். ஆனால் இது கேக்டஸே இல்லை. மேலே இருப்பது யூஃபோர்பியா லாக்டியா என்கிற, கேக்டஸ் குடும்பத்தில் சேராத பால்கள்ளியின் கொண்டை வகை, கீழே இருப்பது பெரும்பாலும் நம் ஊர் இலைக்கள்ளி. கிள்ளினால் பால் வரும். கள்ளிப்பால் என்றால் என்னவென்று நம் கிராமத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் ஃபிளாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து, உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். கடையில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைச் சீட்டு கூட இல்லை. சின்னப் பிள்ளைகளோ பூனை நாயோ இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள், இல்லை வாங்காமலே விடுங்கள். வளர்ப்பைப் பொறுத்தவரை மூன் கேக்டஸைவிட இதற்குத் தெம்பு அதிகம், தலையில் பச்சையம் இருக்கிறது, அதனால் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தண்ணீர் குறைவாகப் போதும். அடித்தண்டில் முளைவிடும் இலைக்கிளைகளைக் கையுறை போட்டுக்கொண்டு கிள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். செடிக்கு நான்கு, எச்சரிக்கை இல்லாமல் விற்றதற்கு ஒன்றைக் கழித்து மூன்று.

மலை ஊர்க்காரர்களுக்கு: டிராகன் தண்டு குளிர் தாங்காது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் தண்டில் கறுப்புத் திட்டு விழுந்து அழுகத் தொடங்கும். ஊட்டியில் மார்கழி இரவு வெளியே வைக்கவே கூடாது, வீட்டுக்குள் ஜன்னலிலும் கண்ணாடியை ஒட்டி வேண்டாம், அந்த மாதங்களில் தண்ணீரையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். டிராகன் தண்டுக்குப் பதிலாக ட்ரைக்கோசீரியஸ் என்கிற வேறொரு கள்ளியின் தண்டில் ஒட்டின செடி கிடைத்தால் அதுதான் உங்கள் ஊருக்குச் சரி, குளிரை அது நன்றாகத் தாங்கும்.

முள் செடி வீட்டுக்குள் ஆகாது என்று எங்கள் அத்தையும் சொன்னார். பால்கனி வீட்டுக்குள் சேர்த்தி இல்லை என்று பேசி முடித்து, இப்போது அவரே ஊதுபத்திக் குச்சி குத்திப் பார்க்கிறார்.

இன்று புதிதாக வாங்குகிறவர் என்னிடம் கேட்டால், நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து, 150 முதல் 200 ரூபாய்க்குள், பசை இல்லாத, நீளத் தண்டு உள்ள ஒரு சிவப்பையோ ஆரஞ்சையோ தை, மாசி மாதத்தில் வாங்கச் சொல்வேன். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, செடி உங்கள் ஜன்னலுக்குப் பழகிக்கொள்ள இரண்டு மாதம் கிடைக்கும். அன்றைக்கே ஒரு டிராகன் கொடித் துண்டையும் வாங்கி வந்து பக்கத்துத் தொட்டியில் நட்டுவிடுங்கள். அடுத்த தண்டு தேவைப்படும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.